பரிசுக் காசோலை கோழிக்கூட்டில், கச்சான் அல்வா திரும்பிய பெட்டியில்: பல்கலைக்கழகம் என்னதான் தரவேண்டும்?

கச்சான்காரி
செவ்வாய், இரவு 9.12

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். வணிக முகாமைத்துவத்தில் பட்டம் பெற்று மூன்று வருடமாகிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பெயரைப் போட்டால் பேச்சு அதன் மேல் திரும்பிவிடும், என் பிரச்சினை கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

இறுதியாண்டில் ஒரு புத்தாக்கப் போட்டி வைத்தார்கள். எங்கள் வீட்டுக் கச்சான் (நிலக்கடலை), பூநகரிப் பனங்கட்டி, இரண்டையும் சேர்த்துக் கச்சான் அல்வா என்று ஒரு திட்டம் எழுதினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. கதவளவு அட்டையில் அச்சடித்த காசோலையை மேடையில் தந்து படம் எடுத்தார்கள். உண்மையான காசோலை நான்கு மாதம் கழித்து வந்தது. அந்த அட்டை இப்போது எங்கள் கோழிக்கூட்டில் வாடைக்காற்று அடிக்கும் பக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. நல்ல தடித்த அட்டை, குறை சொல்ல முடியாது.

பரிசுப் பணத்தில் ஓர் அடுப்பு, இரண்டு பெரிய தாச்சி, பொலித்தீன் ஒட்டும் சிறிய இயந்திரம் வாங்கினேன். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துச் சொன்ன திருத்தங்களையெல்லாம் சமையலறையில் செய்து முடித்தேன். முதல் மூன்று மாதம் ஏ9 வீதிக் கடைகளில் நன்றாகவே விற்றது. கார்த்திகை மழை பிடித்ததும் பொதிகள் திரும்பி வரத் தொடங்கின. அல்வா கசிந்து பொலித்தீனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சிலவற்றைப் பிரித்தால் பழைய சாக்கு மணம். மாங்குளத்துக் கடைக்காரர் ஒருவர் நாற்பது பொதியை ஒரு பெட்டியில் அடுக்கி, "பிள்ளை, மழை விட்டபிறகு பார்ப்போம்" என்று எழுதி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

நான் படித்த துறைக்குத் தொலைபேசி எடுத்தேன். பட்டம் பெற்று வெளியே போனவர்களுக்கு இப்போது திட்டம் எதுவும் இல்லையாம். ஆனால் அடுத்த மாதம் தொழில்முனைவுப் பயிற்சிப் பட்டறை இருக்கிறது, வந்து உங்கள் வெற்றிக் கதையை மாணவர்களுக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். மடியில் நாற்பது பொதி உள்ள பெட்டியை வைத்துக்கொண்டுதான் அதைக் கேட்டேன்.

கையில் காசில்லாத ஊரில் தொழில் தொடங்கும் இளையவருக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ன தரவேண்டும்? பட்டறை என்று மட்டும் சொல்லாதீர்கள். பட்டறைகளில் தந்த பேனா என்னிடம் பதினொன்று இருக்கிறது.


பரந்தன்_சந்தி
செவ்வாய், இரவு 9.40

ஒன்றும் தரவேண்டாம். பட்டம் தந்தார்கள், அதோடு கணக்கு முடிந்தது. 2020இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு அரசாங்கம் பயிலுநர்களாக எடுத்தது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் போனார்கள். இன்று அவர்களுக்கு மாதம் முடியச் சம்பளம் வருகிறது, மழை பெய்தாலும் வருகிறது. நீங்கள் கச்சான் வறுக்கிறீர்கள். அடுத்த முறை எடுக்கும்போது விண்ணப்பியுங்கள், தங்கச்சி.


கச்சான்காரி
செவ்வாய், இரவு 9.52

விண்ணப்பித்துத்தான் இருக்கிறேன் அண்ணை. அதுவரைக்கும் வறுக்கிறேன்.


சங்கக்கடை
செவ்வாய், இரவு 10.35

நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது போனவனுடைய கதை என்று தள்ளிவிடாமல் வாசியுங்கள்.

வன்னியில் இளையவர்களைத் தொழிலில் இறக்கிப் பார்ப்பது இது முதல் தடவையல்ல. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டம் என்று காணி கொடுத்தார்கள். எனது தமையனும் அப்படி விசுவமடுவுக்கு வந்தவர்தான். காற்சட்டையோடும் சான்றிதழோடும் வந்தவர்கள் காடு வெட்டினார்கள், மிளகாய் நட்டார்கள். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகமே இல்லை, 1974இல்தான் வளாகம் திறந்தார்கள். பாடம் நடத்த ஒருவரும் இல்லாமலே அவர்கள் எழுந்தார்கள். காணி இருந்தது, தண்ணீர் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1970க்குப் பிறகு வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் உள்ளே வராமல் அரசாங்கம் மறித்து வைத்திருந்தது. உலர்த்திக் கொண்டுபோனால் விலை இருந்தது. தமையன் மோட்டார் சைக்கிள் வாங்கினார், தங்கைக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்.

1977இல் ஆட்சி மாறியது, இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். மிளகாய் விலை விழுந்தது. அதே காணி, அதே தண்ணீர், அதே ஆள். சாக்குச் சாக்காக மிளகாய் திண்ணையில் இருந்து நிறம் மங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆகையால் பிள்ளை, வாங்குகிறவன் யார் என்று முதலில் கேளுங்கள். பல்கலைக்கழகம் ஏதாவது செய்ய விரும்பினால் தன்னுடைய சிற்றுண்டிச்சாலையில், விடுதியில், பட்டமளிப்பு விழாத் தேநீரில் உங்கள் சாமானை வாங்கட்டும். எத்தனை ஆயிரம் பிள்ளைகள் தினம் தேநீர் குடிக்கிறார்கள்! கொழும்புக் கம்பனி விசுக்கோத்தைத் தின்றுகொண்டே உள்ளூர்த் தொழில்முனைவு பற்றிக் கருத்தரங்கு வைக்கிறார்கள்.


மல்லாவி_ரொறன்ரோ
புதன், காலை 6.18

சங்கக்கடை ஐயா சொல்வது சரி. ஆனாலும் கையில் முதல் இல்லாவிட்டால் விற்பதற்குச் சாமானே இருக்காது. வங்கதேசத்தின் முகம்மது யூனுசைப் பாருங்கள். சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர். வளாகத்து மதிலுக்கு அப்பால் இருந்த ஜொப்ரா கிராமத்துக்கு நடந்து போனார். மூங்கில் கதிரை பின்னும் பெண்கள் வட்டிக்காரரிடம் மாட்டிக்கொண்டு கிடப்பதைக் கண்டார். 1976இல் தனது சட்டைப்பையிலிருந்து 42 பேருக்குக் கொடுத்தது மொத்தம் 27 டொலர். அதிலிருந்துதான் கிராமின் வங்கி வளர்ந்தது, 2006இல் நோபல் பரிசும் வந்தது. எங்கள் பல்கலைக்கழகங்கள் ஏன் இப்படி ஒரு சிறுகடன் நிதி தொடங்கக்கூடாது? இங்கே நாங்கள் பத்துப் பேர் பணம் போடத் தயார்.


குளக்கட்டு
புதன், காலை 8.05

மல்லாவி அண்ணை, நீங்கள் பனிக்குள் இருந்து நல்ல மனதோடு எழுதுகிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து "சிறுகடன்" என்று உரத்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டு படலையாவது பூட்டப்படும்.

போர் முடிந்த பிறகு இங்கே கடன் கொடுக்க வந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருத்திக்கு மற்றவள் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேரும் அவளுடைய முற்றத்தில் போய் இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் மோட்டார் சைக்கிளை மாமரத்தில் சாய்த்துவிட்டு, பொழுது பட்டாலும் போகமாட்டார். எனது அம்மா ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்டத் தோடு என்று போனவர். 2018இல் வரட்சி கண்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடனை அரசாங்கமே ஏற்றுத் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. நோபல் பரிசு வாங்கிய யோசனை எங்கள் முற்றத்துக்கு வந்து சேரும்போது அப்படித்தான் இருந்தது.

கச்சான்காரி அக்காவின் பதிவை இன்னொரு தரம் வாசியுங்கள். அவர் பணமில்லை என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. அல்வா கசிகிறது என்றுதான் சொன்னார்.


மல்லாவி_ரொறன்ரோ
புதன், காலை 8.31

உங்கள் அம்மாவின் கதை எனக்குத் தெரியாது, தங்கச்சி. மன்னிக்கவும். யூனுசின் கதையில் எனக்குப் பிடித்தது அந்த 27 டொலர் அல்ல, மதிலைத் தாண்டி நடந்த நடைதான் என்று இப்போது தோன்றுகிறது. அந்த 42 பேரின் கணக்கையும் வீடு வீடாகப் போய் எடுத்து வந்தவர் ஒரு மாணவி என்று வாசித்திருக்கிறேன்.


ஆய்வுக்கூடம்7
புதன், இரவு 9.20

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். இடம் வேண்டாம். பொருளாதாரமும் எனக்கு வராது, அல்வாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கு இருப்பது ஒரு நோயல்ல, இரண்டு. கசிவது பனங்கட்டி. சாதாரண சீனியைவிட அது காற்றிலிருந்து ஈரத்தை வேகமாக இழுக்கும். பாகு போதிய அளவு முறுகாமல் இறக்கினால் இன்னும் மோசம். குளிர்ந்த தண்ணீருக்குள் ஒரு சொட்டு விட்டு எடுத்துக் கடித்தால் படக்கென்று முறியவேண்டும், பல்லில் இழுபடக்கூடாது. வெப்பமானி இருந்தால் 150 பாகை செல்சியசுக்குக் கிட்டப் பாருங்கள். ஆனால் பனங்கட்டி சட்டென்று கருகும், கடைசி இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக்கூடாது. எவ்வளவு முறுகினாலும் அந்த மெல்லிய பொலித்தீன் மழைக்காலத்து ஈரத்தைத் தடுக்காது. அலுமினியத் தாள் பூசிய பைகள் கொழும்பில் கிடைக்கின்றன. உங்கள் ஒட்டும் இயந்திரம் அதற்குப் போதுமா என்று வாங்குமுன் ஒரு பையில் பரீட்சித்துப் பாருங்கள்.

சாக்கு மணம் வேறு விடயம், அதுதான் எனக்குப் பயம். அது பருப்பில் பூஞ்சணம். கச்சானில் அஃப்லடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் பூஞ்சணமும் வரும். 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்த பிறகுதான் அந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். காரணம் தீனியில் கலந்திருந்த கச்சான் பிண்ணாக்கு. ஈரலைத் தாக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. திரும்பி வந்த பொதிகளைத் தயவுசெய்து கோழிக்கும் போடாதீர்கள், எரித்துவிடுங்கள்.

பருப்பின் ஈரப்பதன் 8 சதவீதத்துக்குக் கீழே வந்தபிறகே சாக்கில் கட்டவேண்டும். 7 என்றால் நிம்மதி. இதற்குத் தேவை ஓர் ஈரப்பதன் அளக்கும் கருவி. அது கையில் பிடிக்கும் சாமான், என் மேசையிலிருந்து பார்த்தால் கண்ணாடி அலுமாரிக்குள் தெரிகிறது. வாரத்தில் நான்கு நாள் யாரும் தொடுவதில்லை.


கச்சான்காரி
புதன், இரவு 9.48

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா எழும்பிப்போய்ச் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் வழக்கம், காயைக் காதருகே வைத்துக் குலுக்குவது. உள்ளே பருப்புச் சலசலத்தால் காய்ந்துவிட்டது என்று கட்டுவோம். போத்தலில் உப்புப் போட்டுக் குலுக்கிப் பார்க்கும் முறையும் ஒருவர் சொன்னார். அது போதாதா?


ஆய்வுக்கூடம்7
புதன், இரவு 10.02

சலசலப்பு நல்ல அடையாளம், ஆனால் 12இலும் சலசலக்கும், 7இலும் சலசலக்கும். காது இலக்கம் சொல்லாது. காய்ந்த உப்போடு தானியத்தைப் போட்டுக் குலுக்கினால், ஈரம் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் உப்புக் கண்ணாடியில் ஒட்டும். சோளத்துக்கு அது உதவும். கச்சானுக்கு அந்த நேரம் எல்லாம் முடிந்திருக்கும்.


பரந்தன்_சந்தி
வியாழன், காலை 5.50

கண்ணாடி அலுமாரிக்குள் நான்கு நாள் சும்மா இருக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். பிறகு ஏன் கொடுக்கிறீர்கள் இல்லை? யாருடைய வரிப்பணம் அது?


ஆய்வுக்கூடம்7
வியாழன், பகல் 12.40

கேள்வி நியாயம். பதில் அசிங்கம். அந்தக் கருவி என்னுடைய பொருட்பதிவேட்டில் இருக்கிறது. வெளியாள் ஒருவர் தொட்டு உடைந்தால் கணக்காய்வுக்காரர் எந்தச் சுற்றறிக்கையின்படி கொடுத்தீர் என்று கேட்பார், என் சம்பளத்தில் வெட்டுவார்கள். பயன்படுத்தாமல் துருப்பிடித்தால் ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இருபது வருட வேலையில் நான் கற்றுக்கொண்டது இது.

வழியே இல்லை என்றும் சொல்லமாட்டேன். உலக வங்கியின் பணத்தோடு 2017இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டத்தின் கீழ், பல்கலைக்கழகங்களில் வர்த்தக இணைப்புப் பிரிவுகளைக் கட்டியெழுப்பினார்கள். வெளியே உள்ள தொழிலோடு பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவைப்பதுதான் அவற்றின் வேலை. ஆனால் அங்கே வருகிற கடிதங்கள் பெரும்பாலும் கம்பனிகளுடையவை. ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு பெண் கடிதம் எழுதினால் அதை எந்தக் கோப்பில் போடுவது என்று ஒருவருக்கும் தெரியாது.

அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. மாணவருடைய இறுதியாண்டு ஆய்வு என்றால் எந்தக் கதவும் திறக்கும். கருவியைத் தொடலாம், இரசாயனம் எடுக்கலாம், கணக்காய்வு வாயைத் திறக்காது. ஒவ்வொரு வருடமும் ஆய்வு அறிக்கைகள் கட்டப்பட்டு அலுமாரிக்குள் போகின்றன. அதில் ஒன்று உங்கள் அல்வாவைப் பற்றி இருந்தால் என்ன?

சிறுதொழிலுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் விதாதா வள நிலையமும் உங்கள் பிரதேச செயலகத்திலேயே இருக்கும், கேட்டுப் பாருங்கள். பனங்கட்டி விடயத்துக்குக் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது.


அறிவியல்நகர்_விடுதி
வியாழன், மாலை 4.15

நான் உணவு சம்பந்தப்பட்ட பாடம் படிக்கிறேன், இறுதியாண்டு. ஆய்வுத் தலைப்புக் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நான் நினைத்து வைத்திருந்தது மூன்று பேர் ஏற்கெனவே செய்த தலைப்பு. அக்கா, உங்களுடைய அல்வாவின் சேமிப்புக் காலத்தை நான் எடுக்கலாமா? மூன்று வகைப் பொதி, இரண்டு வகைப் பாகு, பத்து வாரம். மேற்பார்வையாளரிடம் நாளை கேட்கிறேன்.


கச்சான்காரி
வியாழன், மாலை 4.31

எடு தம்பி. ஆனால் ஒரு நிபந்தனை. அறிக்கையின் ஒரு பிரதி தமிழில், எனது அம்மாவுக்கு விளங்குகிறமாதிரி, இரண்டு பக்கத்தில் வேண்டும்.


அறிவியல்நகர்_விடுதி
வியாழன், மாலை 4.50

அதுதான் மற்றதெல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கும்போலிருக்கிறது. சரி அக்கா.


மல்லாவி_ரொறன்ரோ
வெள்ளி, காலை 5.10

எனது வேலையிடத்தில் கொஸ்டாரிக்கா நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். இந்த இழையைப் பற்றி அவரிடம் சொன்னேன். அங்கே 1990இல் தொடங்கிய ஏர்த் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறதாம், விவசாயம் படிப்பிப்பது, ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளை எடுப்பது. படிக்கும் காலத்திலேயே மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் நடத்தவேண்டும். முதலைப் பல்கலைக்கழகமே கடனாகக் கொடுக்கும். விற்று, கடனைக் கட்டி, மிச்ச இலாபத்தைப் பிரித்துக்கொண்டு, நிறுவனத்தை மூடவேண்டும். குளக்கட்டு, கடன் என்றதும் படலையைப் பூட்டாதீர்கள், முழுதாக வாசியுங்கள்.


குளக்கட்டு
வெள்ளி, காலை 7.22

பூட்டவில்லை, வாசித்தேன். எனக்கு அதில் பிடித்தது ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளை நட்டப்பட்டால் ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போதே நட்டப்படுகிறது. அல்வா கசிந்தால் இரண்டு கட்டடம் தள்ளி ஆய்வுக்கூடம் இருக்கிறது. இங்கே எழுதிய திட்டத்துக்குப் பரிசு, செய்த தொழிலுக்கு ஒன்றுமில்லை. கச்சான்காரி அக்கா தன் முதல் மழைக்காலத்தை வளாகத்துக்குள் கண்டிருந்தால் நாற்பது பொதியோடு முடிந்திருக்கும். மாங்குளத்துக் கடைக்காரரிடம் பெயர் கெட்டிருக்காது.


சங்கக்கடை
வெள்ளி, காலை 9.00

பெயர் கெட்டது என்று யார் சொன்னது? திருப்பி அனுப்பியவர் "மழை விட்டபிறகு பார்ப்போம்" என்று எழுதியிருக்கிறார். வேண்டாம் என்று நினைக்கிறவன் எழுதமாட்டான், பேசாமல் குப்பையில் கொட்டுவான். அவரைப் போய்ப் பாருங்கள் பிள்ளை, கையில் புதுப் பொதி ஒன்றோடு. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்குகிற அத்தனை பேரும் கச்சான் வாங்காமல் பஸ் ஏறுவதில்லை. அங்கே சுடச்சுட வறுத்தது விற்கிறது, உங்களுடையது வீட்டுக்குக் கொண்டுபோகிற சாமான். இரண்டுக்கும் இடமிருக்கிறது.

இன்னொன்று. புலம்பெயர்ந்த தம்பிமார் பணம் அனுப்புகிறோம் என்கிறார்கள். அனுப்பவேண்டாம். ஊருக்கு வருகிறபோது முழு விலை கொடுத்து இருபது பொதி வாங்கிக்கொண்டு போங்கள்.


கச்சான்காரி
மூன்று வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.44

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்தத் தம்பியின் மேற்பார்வையாளர் தலைப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார். சென்ற திங்கள் நான் மூன்று சாக்கிலிருந்தும் ஒவ்வொரு கிலோ எடுத்து, மணிக்கணக்கில் பஸ்ஸில் இருந்து அறிவியல் நகர் வளாகத்துக்குக் கொண்டுபோனேன். உள்ளே போகும்போது பரிசு வாங்கப் போன நாளைவிடக் கை நடுங்கியது. தம்பி உடைத்த பருப்பைக் கருவிக்குள் போட்டு மூடினான். சின்னத் திரை, கல்குலேட்டர் மாதிரி. முதல் சாக்கு 11.4. இரண்டாவது 10.9. மூன்றாவது 7.6.

மூன்றாவது மட்டும் ஏன் அப்படி என்று இரண்டு பேரும் யோசித்தோம். வரும் வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டால் அவருக்கு உடனே தெரிந்தது. மூன்றாவது சாக்கு, மாமா வீட்டிலிருந்து இரவல் வாங்கிய படங்கில் காயப்போட்டது. மற்ற இரண்டும் மண் முற்றத்தில் காய்ந்தவை. பகலில் காய்ந்ததை இரவில் மண் திரும்ப நனைத்திருக்கிறது. மேலே வெயில், கீழே ஈரம். அதோடு அந்த இரண்டு சாக்கும் சீமெந்துத் தரையில் இருந்தன, மூன்றாவது இடமில்லாமல் வாங்கிலின் மேல் ஏறியிருந்தது.

பழுதான இரண்டு சாக்கையும் விற்கவில்லை. வலிக்கிறது, ஆனால் வான்கோழிக் கதை வாசித்தபிறகு கை போகவில்லை. மூன்றாவதிலிருந்து நிறம் மாறியதையும் சுருங்கியதையும் அம்மாவும் நானும் மூன்று இரவு இருந்து பொறுக்கினோம். புதிய பையில் முப்பது பொதி போட்டிருக்கிறேன். பத்துப் பொதி தம்பியின் ஆய்வுக்கு, பத்து எனது அலுமாரியில் திகதி எழுதியபடி, பத்து மாங்குளத்துக்கு.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு விடயம் பேசினோம். மாதத்தில் ஒரு வியாழன், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, வெளியார் தங்கள் கச்சானையும் உழுந்தையும் பயறையும் கொண்டுவந்து ஈரப்பதன் பார்க்கலாம் என்று துறைத் தலைவர் வாயால் சொல்லியிருக்கிறார். கருவியை மாணவர்களே பிடிப்பார்கள், பதிவையும் அவர்களே எழுதுவார்கள், அது அவர்களுடைய செய்முறைப் பயிற்சியாகக் கணக்கில் வரும். எழுத்தில் இன்னும் தரவில்லை. முதல் வியாழன் நான்கு பேராவது வராவிட்டால் இரண்டாவது வியாழன் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு வீடு வரத் தயார். பஸ்ஸில் சாக்கு ஏற்ற நடத்துநர் சம்மதிக்கமாட்டார். வாகனம் உள்ளவர் யாராவது இருக்கிறீர்களா? ஒருவரிடம் பெரிய படங்கு இரவலாகக் கிடைத்தாலும் சொல்லுங்கள், மாமா தன்னுடையதைத் திருப்பிக் கேட்டுவிட்டார்.


ஆய்வுக்கூடம்7
ஞாயிறு, இரவு 9.15

11.4இல் கட்டிய சாக்கை எரித்தீர்களா?


கச்சான்காரி
ஞாயிறு, இரவு 9.17

எரித்துவிட்டேன் ஐயா.


பரந்தன்_சந்தி
ஞாயிறு, இரவு 9.58

வியாழன் விடிய எனது சிறிய லொறி புதுக்குடியிருப்புக்குச் சாமான் இறக்கப் போகிறது. திரும்பி வரும்போது வெறுமனேதான் வரும். ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக வரச் சொல்கிறேன், அறிவியல் நகரைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். ஏழரைக்குச் சந்தியில் நில்லுங்கள். ஐந்து சாக்குவரை ஏற்றலாம், ஆட்கள் இரண்டு பேர். எரிபொருளுக்கு எதுவும் வேண்டாம், ஓட்டுகிற பெடியனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தால் போதும்.

எங்கள் வீட்டிலும் உழுந்து இரண்டு சாக்கு இருக்கிறது. உழுந்துக்கு எத்தனை சதவீதம் என்று யாராவது எழுதுங்கள்.